முப்பத்துமூணு நாள் அசனம்

நம்புறவங்க முன்னால வந்து உக்காருங்க, நம்பாதவங்க பின்னால உக்காருங்க, ஆனா யாரும் நடுவுல எழுந்து போகக்கூடாது, ஏன்னா நான் சொல்லப்போறது எங்க ஊரு ஆறுதல்புரத்துல நடந்தது, என் ரெண்டு கண்ணால பார்த்தது, பார்த்தது மட்டுமில்ல, முப்பத்துமூணு நாளும் மூணு வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டது. என் பேரு மங்களபாய். எங்க வேதக்கோயில் பாடகர் குழுவுல இருபது வருஷமாப் பாடுதேன். மங்களம் சத்தம் மத்தவங்க சத்தத்தை முழுங்கிரும்னு சொல்லுவாங்க, எல்லாம் வயித்தெரிச்சல்.

அசனம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிருதேன். வருஷத்துக்கு ஒருதரம், தை மாசம், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில, ஊரு மொத்தமும் ஒரே பந்தியில உக்காந்து ஒரே சோத்தைச் சாப்பிடுறதுதான் அசனம். பொம்பளைங்க வெங்காயம் உரிச்சு, வாழைக்காய் சீவிக் குடுத்துட்டு ஒதுங்கிரணும், சமையல் ஆம்பளைங்க கையில. அதுக்கு அச்சடிச்ச அழைப்பு கிடையாது. முந்தின நாள் சாயங்காலம், கோயில் மணியை அடிச்சுக் கோயிலைப் பார்த்துக்கிடுற கோயில்பிச்சை அண்ணாச்சி, வீடு வீடா வாசல்ல நின்னு, "நாளைக்கு அசனம், வீட்டோட வந்துருங்க"ன்னு சொல்லுவாரு, வீட்டுக்காரங்க உள்ள இருந்து "வாரோம்"னு சொல்லணும், அவ்வளவுதான், ஆனா அந்தச் சத்தம் வராத வாசல்ல இருந்து ஒரு ஆளும் பந்திக்கு வர மாட்டாங்க. சமைச்சவங்க எல்லாருக்கும் பின்னாலதான் சாப்பிடுவாங்க. சோறும் குழம்பும் ஒரு பருக்கை மிச்சமில்லாமத் தீர்ந்து, குழம்பு வச்ச வார்ப்பை, அது நாலு ஆளு சேர்ந்து தூக்குற வெண்கலப் பாத்திரம், அதைக் கழுவிக் கவிழ்த்தப்புறம்தான் எங்க சபைக் குருவானவரு, ஐயர்னு சொல்லுவோம், அவரு கையை உசத்தி ஆசீர்வாதம் சொல்லுவாரு, அப்பத்தான் பண்டிகை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இப்ப தெபொராளைப் பத்திச் சொல்லணும். முந்தின வருஷ அசனத்துக்கு ஆடு வாங்க அவ புருஷன் இஸ்ரவேலும், எங்க தலைமைச் சமையல்காரன் யோசுவாவும் லோடு ஆட்டோவுல சந்தைக்குப் போனாங்க. ரெண்டு பேரும் சின்னதுல இருந்தே இணைபிரியாத கூட்டாளிங்க. ஓட்டினது யோசுவா. திரும்பி வர்ற வழியில டயர் வெடிச்சு வண்டி கவிழ்ந்துட்டு. இஸ்ரவேல் அந்த இடத்துலயே போயிட்டான், யோசுவா ஒரு கால் நொண்டலோட பிழைச்சான், நாலு ஆடும் ஒரு கீறல் இல்லாம எழுந்து நின்னு ரோட்டோரம் மேய ஆரம்பிச்சுதாம். கல்லறைத் தோட்டத்துல தெபொராள் அழலை. மண்ணு போட்டு முடிஞ்சதும் நிமிந்து நின்னு, ஊரு முழுக்கக் கேக்கச் சொன்னா: "ஆண்டவரே, உம்ம வேலைக்குப் போன மனுஷனை எடுத்துக்கிட்டு ஆட்டை விட்டு வச்சீரே, ஏன்? நீரு எனக்குப் பதில் சொல்லுற மட்டும் உம்ம வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அன்னையில இருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு. பொட்டுத் தூக்கம் கிடையாது. மாத்திரை குடுத்துப் பார்த்தாச்சு, ஊரு ஊராக் கூட்டிப்போயும் பார்த்தாச்சு, கண்ணு ரெண்டும் உள்ள போயி, கன்னம் ஒட்டி, இருபத்தெட்டு வயசுல ஒரு உருவமா ஆயிட்டா. பீடித் தட்டை மடியில வச்சுச் சுத்திக்கிட்டே ஆண்டவர்கிட்டச் சண்டை போடுவா, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களோட போடுற மாதிரி, பேரு சொல்லிக் கூப்பிட்டு, கேள்வி மேல கேள்வி கேட்டு. கோயிலுக்கு வர்றதில்லையே தவிர அவரோட பேச்சை அவ ஒருநாளும் நிறுத்தலை, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. அவ ஒரு பொட்டுத் தூங்கிற மாட்டாளான்னு நாங்க ஞாயிறுதோறும் ஜெபிச்சோம். யோசுவா அவ தெரு முக்கு வரைக்கும் போவான், நிப்பான், திரும்பி வந்துருவான், ஒரு வருஷமா இதே வேலை.

அடுத்த அசனம் வந்தப்போ நாங்க ஒரு தப்பு பண்ணினோம். ரெண்டு வருஷமா மழை இல்லை, கிணறெல்லாம் மண்ணு, ஊருல முக்கால்வாசி வீட்டுல ஒருவேளைக் கஞ்சிதான், அதனால அசனத்தைச் சின்னதா வச்சுக்கிடலாம், ரெண்டே ஆடு, வாழைக்காய் கூடுதல்னு பேசி முடிச்சாச்சு. அப்ப கோயில்பிச்சை அண்ணாச்சி, "தெபொராள் வீட்டுக்கு நான் எப்படிப் போயிக் கூப்பிடுறது?"ன்னு கேட்டாரு. எல்லாரும் யோசிச்சோம். பாவம் அந்தப் புள்ளை, போயிக் கூப்பிட்டுப் புண்ணைக் கிளற வேண்டாம்னு முடிவு பண்ணினோம். இரக்கப்பட்டுத்தான் பண்ணினோம். நானும்தான் தலையை ஆட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அன்னைக்கு முந்நூறு பேரு சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்து பார்த்தா, ஓலைப்பாயில குவிச்ச சோறு அப்படியே இருக்கு, வார்ப்புல குழம்பு விளிம்பு வரைக்கும் நிக்குது. யோசுவா அரிசியைக் கூடுதலா அளந்துட்டான்னு அவனைத் திட்டினோம். இரண்டாம் பந்தி போட்டோம். மூணாம் பந்தி போட்டோம். மறுநாள் கீழூர் ஆட்களைக் கூப்பிட்டு உக்கார வச்சோம், அவங்க மாரியம்மன் கோயில் பூசாரி நல்லாச் சாப்பிட்டுட்டு, "உங்க சாமிக்குக் கை தாராளம்தான்"னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி கேட்டாரு. குவியல் குறையலை. விறகு தீர்ந்து மூணாம் நாளு ஆகியும் அடுப்புல கங்கு அணையலை, குழம்புல ஆவி அடங்கலை, ஊசிப்போகவுமில்லை.

அந்த இரண்டாம் நாளு நான் ஒரு காரியம் பண்ணினேன். ஒரு வாளியில சோறும் குழம்பும் எடுத்துக்கிட்டுத் தெபொராள் வீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா இது?"ன்னு கேட்டா.

"அசனச் சோறுளா. நீ வரலையேன்னு..."

"யாரு என்னைக் கூப்பிட்டா வாரதுக்கு?"

நான் வாளியை ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்தினேன்.

"படுக்கையில கெடக்குற ஆளுக்குத்தானக்கா வாளியில கொண்டுபோவீங்க. நான் படுத்தா கெடக்கேன்? செத்தது அவரு. அவரோட சேர்த்து என்னையும் புதைச்சுட்டீங்களா?"

வாளியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வெக்கத்துல யாருகிட்டயும் மூச்சு விடலை. அந்த வெக்கம் ஒரு மாசம் என் நெஞ்சுல முள்ளாக் கெடந்தது.

அதுக்குள்ள ஊரு அந்த அதிசயத்துக்குப் பழகிப்போச்சு. முதல் வாரம் முட்டி போட்டு அழுதுக்கிட்டே சாப்பிட்டோம், ரெண்டாம் வாரம் ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிட்டோம், மூணாம் வாரம் "இன்னைக்கும் வாழைக்காயா?"ன்னு கேட்டுக்கிட்டே சாப்பிட்டோம், மனுஷபுத்தி அவ்வளவுதான். ஐயர் அந்த மாசம் எந்த வேதபகுதியில பிரசங்கம் பண்ணினாருன்னு நான் சொல்லவே வேண்டாம், நாலு ஞாயிறும் அதே அஞ்சு அப்பம் ரெண்டு மீன் கதைதான். பஸ்காரங்க எங்க ஊரு நிறுத்தத்துல அரைமணி நேரம் வண்டியை நிறுத்த ஆரம்பிச்சாங்க, டிரைவரும் கண்டக்டரும் பயணிங்களும் இறங்கி வந்து பந்தியில உக்காந்தாங்க. சுகாதார ஆய்வாளர் ஒருத்தரு கண்ணாடிக் குப்பியோட வந்தாரு, குழம்பைச் சோதிக்கணும்னாரு, ரெண்டு இலை சாப்பிட்டாரு, "உப்பு சரியா இருக்கு"ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே சபைக்காரங்க, பண்டிகைச் சாப்பாடு தொட மாட்டோம்னு மூணு நாளு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க, நாலாம் நாளு இலை போட்டு உக்காந்தாங்க, கைதட்டிப் பாட்டும் பாடினாங்க, நல்லாத்தான் இருந்தது. கோழிங்க சோத்தைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போச்சு. பொம்பளைங்களுக்குச் சமையல் வேலை இல்லாம மத்தியானம் மொத்தமும் ஓய்வாப் போக, பாடகர் குழு தினமும் பயிற்சி எடுத்து, அந்த மாசம் நாங்க பாடினதைக் கேட்டு ஆர்மோனியமே திணறிச்சு. கமலபாய் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு யாருக்கும் தெரியாம முருங்கைக்கீரை வதக்கினா, வாசனை காட்டிக் குடுத்துட்டு, தெருவே அவ வீட்டு வாசல்ல கிண்ணத்தோட நின்னுச்சு.

எதை வேணும்னாலும் கேலி பண்ணலாம், ஒண்ணை மறக்கக்கூடாது: அந்தப் பஞ்சத்துல எங்க ஊருல ஒரு புள்ளை பசியோட படுக்கலை. அதுக்கு இன்னைக்கும் ஸ்தோத்திரம்.

ஆனா வார்ப்பைக் கவிழ்க்க முடியலையே! கவிழ்க்காமப் பண்டிகை முடியாது, பண்டிகை முடியாமப் பந்தலைப் பிரிக்க முடியாது. அடுத்து லெந்து காலம் வருது, நாப்பது நாளு கறியும் கிடையாது, கல்யாணமும் கிடையாது, அதுக்குள்ள இந்தக் கறிக்குழம்பை எங்க கொண்டுபோயி வைக்கிறது? ஐயருக்கு அதை நினைச்சு நினைச்சு வேர்த்துக் கொட்டிச்சு. கூடச் சமைச்சவங்க பசி தாங்காம ஒவ்வொருத்தரா பந்தியில உக்காந்துட்டாங்க, யோசுவாதான் ரொம்பப் பாவம். சமைச்சவன் கடைசியிலதான் சாப்பிடணும், கடைசி வந்தாத்தானே? கருப்பட்டிக் காப்பியும் பனங்கிழங்குமா ஓட்டினான், வேட்டி இடுப்புல நிக்காம ஆயிட்டு. கடைசியா முப்பதாம் நாளு, பாட்டுப் பயிற்சி முடிஞ்சு உக்காந்திருக்கும்போது, இன்னும் சாப்பிடாத ஆளு யாரும் இருக்காங்களான்னு ஒருத்தி கேட்டா. கட்டில்ல கெடக்குற ஆளுங்களுக்கு வாளியில போயாச்சு, சுத்துப்பட்டு பன்னிரண்டு ஊரும் வந்தாச்சு, லைன்மேன் வந்தாச்சு, தபால்காரரு வந்தாச்சு. எனக்கு அதுக்கு மேல தாங்கலை. தெபொராள் வாளியைத் திருப்பி அனுப்பின கதையை எல்லாருக்கும் முன்னால சொல்லி அழுதேன். கோயில்பிச்சை அண்ணாச்சி தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

மறுநாள் காலையில, வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு அவரு அவ வாசல்ல போயி நின்னாரு. நாங்க கொஞ்சம் தள்ளி நின்னோம்.

"தாயி, அசனம். வீட்டோட வந்துரு. முப்பது நாளு பிந்திட்டேன், மன்னிச்சுக்க."

தெபொராள் பீடித் தட்டை இறக்கி வச்சுட்டு எழுந்து வந்தா. "நீங்க கூப்பிட்டாச்சு அண்ணாச்சி. உங்க மேல இருந்த கோபம் தீர்ந்தது. அக்கா மேலயும் தீர்ந்தது. ஆனா நான் கேள்வி கேட்ட ஆளு இன்னும் பதில் சொல்லலையே? அவரு சொல்லட்டும், வாரேன்."

திரும்பி வந்தோம். முப்பத்திரண்டாம் நாளும் போச்சு.

முப்பத்துமூணாம் நாளு செவ்வாய்க்கிழமை, விடிஞ்சா லெந்து தொடங்குற சாம்பல் புதன். மத்தியானப் பந்தி முடிஞ்சு எல்லாரும் வெயிலுக்கு ஒதுங்கிட்டாங்க, பந்தல்ல நானும் யோசுவாவும் மட்டும்தான், நான் ஓலை விசிறியால ஈ ஓட்டிக்கிட்டு, அவன் வார்ப்புக்குப் பக்கத்துல தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு. தெபொராள் வந்தா. ஒத்தையில, வேகு வேகுன்னு, மடியில பீடித்தூள் ஒட்டினது ஒட்டினபடியே வந்தா. எங்க ரெண்டு பேரையும் பார்க்கலை. நேரா வார்ப்புக்கு முன்னால போயி இடுப்புல கையை வச்சு நின்னா. குழம்பு அவ மூஞ்சிக்கு ஆவி விட்டுச்சு.

"இதுதானா உம்ம பதில்?"னு கேட்டா. யாருகிட்டக் கேக்கான்னு எனக்கு ஒரு கணம் பிடிபடலை, அப்புறம் புரிஞ்சு விசிறியைக் கீழ போட்டுட்டேன்.

"ஏன்னு கேட்டேன், ஒரு வருஷமாக் கேட்டேன். நீரு ஒரு வார்த்தை பேசலை. சோத்தை ஆக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீரு! அவரும் இப்படித்தான் இருந்தாரு. நான் கோவிச்சுக்கிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தா, சமாதானம் சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு, தப்பு என்னதுன்னு கேட்டா வாய் வராது, ஆனா என் தட்டை மூடி வச்சுட்டு, அடுப்பையும் அணைக்காம, நான் எழுந்து வர்ற மட்டும் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. இப்ப பீடி சுத்திக்கிட்டு உம்மைத் திட்டிக்கிட்டு இருக்கும்போது இந்த வாசம் வந்தது, முப்பத்துமூணு நாளா வந்த வாசம்தான், இன்னைக்குத்தான் உறைச்சது. எனக்காகவா இத்தனை நாளு அடுப்பை அணைக்காம உக்காந்திருக்கீரு?"

அவ மூக்கைச் சீந்திட்டு, வார்ப்பைப் பார்த்து விரலை நீட்டினா.

"கேளும். நீரு பதில் சொல்லலைங்குறதை நான் மறக்க மாட்டேன். சாகுற மட்டும் கேப்பேன். ஆனா சாப்பிட்டுட்டுக் கேக்கேன்."

சொல்லிட்டுச் சிரிச்சா, அய்யோ, ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் புள்ளை சிரிச்சதைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து விக்கல் எடுத்துட்டு. பாயில போயி சம்மணம் போட்டு உக்காந்தா. நான் இலையை எங்க போட்டேன், தண்ணியை எங்க தெளிச்சேன்னே தெரியலை.

அவ இலையில கை வைக்கலை. "யோசுவா, நீயும் உக்காரு"ன்னா.

அவன் எழுந்து பின்னால போனான். "மதினி, சமைச்சவன் கடைசியிலதான்..."

"இனி யாருல இருக்கா கடைசிக்கு? நானும் நீயும்தான் கடைசி."

"மதினி, வண்டியை ஓட்டினது நான்."

"தெரியும். டயரை வெடிக்க வச்சது நீயா?"

அவன் இல்லைன்னு தலையை ஆட்டினான்.

"ஒரு வருஷமா நீ தெரு முக்குல வந்து நிக்கிறதை நான் பார்க்கலைன்னு நினைச்சியா? உன் மூஞ்சியில முழிக்க எனக்குத் திராணி இல்லை, அதான் கூப்பிடலை. இப்ப இருக்கு. உக்காரு, சோறு ஆறுது."

சோறு முப்பத்துமூணு நாளா ஆறலை, அதை நான் சொல்லலை. அவன் நொண்டிக் காலை மடக்க முடியாம ஒருபக்கமா நீட்டி அவளுக்கு எதிரே உக்காந்தான். நான் பரிமாறினேன். ரெண்டு பேரும் பேசாம, குனிஞ்ச தலை நிமிராம, கண்ணுல இருந்து வடிய வடியச் சாப்பிட்டாங்க, ரெண்டாந்தரம் கேட்டாங்க, மூணாந்தரமும் கேட்டாங்க, போட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை கரண்டியை வார்ப்புக்குள்ள விட்டேன், அடியில தட்டிச்சு. திரும்பிச் சோத்தைப் பார்த்தேன், பாயோட ஓலைப் பின்னல் தெரியுது. வழிச்சு எடுத்தா ரெண்டு கை சோறு, ஒரு கரண்டி குழம்பு, அதுல ஒரே ஒரு துண்டு கறி. அதை அவளுக்குப் போட்டேன், அவ அதைப் பிட்டுப் பாதியை அவன் இலையில வச்சா.

தீர்ந்தது. ஒரு பருக்கை இல்லை.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன், ஊரைக் கூப்பிடணும்லா, ஆனா தெபொராளைப் பார்த்து வாயை மூடிக்கிட்டேன். பந்தல்காலுல தலையைச் சாச்சு, எச்சில் கையை இலை மேல வச்சபடி, வாய் லேசாத் திறந்து, அந்தப் புள்ளை தூங்கிட்டா. சும்மா கண்ணு அசந்த தூக்கமில்லை, குறட்டை வருது.

எப்படித்தான் ஊருக்குத் தெரிஞ்சதோ, எல்லாரும் ஓடி வந்தாங்க, ஓடி வந்தவங்க பந்தல் வாசல்ல அப்படியே நின்னு, செருப்பைக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டு, விரல் நுனியில நடந்து உள்ள வந்தாங்க. பஸ் வந்தது, ஹாரன் அடிக்காமப் போச்சு. வார்ப்பைக் கவிழ்த்தா ஊருக்கே கேக்குற சத்தம் வரும்னு, நாலு ஆம்பளைங்க அதைக் கைக்குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கிக்கிட்டுப் போயி, கழுவி, வைக்கோல் மேல பையக் கவிழ்த்தாங்க. ஐயர் அங்கி போட்டுக்கிட்டு வந்தாரு. மைக்கு இல்லாமலே நாலு தெருவுக்குக் கேக்குற தொண்டை அவருக்கு. என் காதுல, "எப்படிச் சொல்லட்டும்?"னு கேட்டாரு. "பையச் சொல்லும் ஐயரே"ன்னேன். அவரு கையை உசத்தி, புத்திக்கு எட்டாத சமாதானம் எங்க எல்லாரோடயும் இருக்கட்டும்னு, பக்கத்துல நிக்கிறவங்களுக்கு மட்டும் கேக்குற குரல்ல சொன்னாரு, முந்நூறு பேரும் உதட்டுக்குள்ளயே ஆமென் சொன்னோம். நான் கேட்ட ஆமென்லயே பெரிய ஆமென் அதுதான்.

அப்ப யோசுவா ஒரு செம்புல வெதுவெதுன்னு தண்ணி கொண்டு வந்தான். அவ பக்கத்துல கீழ உக்காந்து, அவ வலது கையைத் தூக்கி ஒரு கிண்ணத்து மேல பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியை விட்டு, ஒவ்வொரு விரலாக் கழுவினான், தன் தோள்துண்டால ஒத்தித் துடைச்சு அவ மடியில வச்சான். ஊரே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. எங்க ஊரு ஒரு காரியத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம இருந்தது என் ஆயுசுல அந்த ஒரு நாளுதான்.

சுத்திவர சேலையைக் கட்டி மறைச்சு, தலைக்குத் தலையணை வச்சு, பொம்பளைங்க மாறி மாறிக் காவல் இருந்தோம். புதன்கிழமை மத்தியானம்தான் அவ கண்ணு முழிச்சா. சாம்பல் புதன் ஆராதனை முடிஞ்சு எல்லாரும் அங்கதான் நிக்கோம், அவ கண்ணு பழைய கண்ணு, முகத்துல தலையணையோட வரி. நெளிஞ்சு நிமிந்து உக்காந்தா, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"யாரு என் கையைக் கழுவினது?"

யோசுவா மட்டும் பந்தல்காலைப் பிடிச்சுக்கிட்டு மண்ணைப் பார்த்து நின்னான், காது ரெண்டும் சிவந்து போச்சு.

தெபொராள் அவனைப் பார்த்தா. அப்புறம் விரலை மூக்குக்குக் கொண்டுபோயி மோந்து பார்த்தா.

"மசால் வாசம் போகவே இல்லையே. அடுத்த வருஷம் சோப்பு போட்டுக் கழுவு, என்ன?"ன்னா.